கடைசிக்கு முந்தைய பாடல்: ‘டான்சர் இன் த டார்க்’ படமும் இரண்டாகப் பிரிந்த பார்வையாளரும்

1. ஒரே காட்சி, இரண்டு தீர்ப்புகள்

2000ஆம் ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவில் டென்மார்க் இயக்குநர் லார்ஸ் வான் டிரியரின் ‘டான்சர் இன் த டார்க்’ திரையிடப்பட்டபோது கைதட்டலும் கண்டனக் கூச்சலும் ஒருசேர எழுந்தன. வோங் கார்-வாயின் ‘இன் த மூட் ஃபார் லவ்’, எட்வர்ட் யாங்கின் ‘யீ யீ’ போன்ற படங்கள் போட்டியில் இருந்த ஆண்டு அது. லுக் பெசோன் தலைமையிலான நடுவர் குழு தங்கப் பனை விருதை வான் டிரியருக்கே கொடுத்தது. செல்மாவாக நடித்த ஐஸ்லாந்துப் பாடகி பியார்க் சிறந்த நடிகை என அறிவிக்கப்பட்டார். விருது கிடைத்ததால் சண்டை ஓயவில்லை. அமெரிக்கத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட் படத்தின் துணிச்சலை மெச்சினார். பிரிட்டனின் ‘கார்டியன்’ இதழில் பீட்டர் பிராட்ஷா அதை ஏளனத்தோடு ஒதுக்கினார். கால் நூற்றாண்டுக்குப் பிறகும் இந்தப் படத்தைப் பற்றி ‘பரவாயில்லை’ என்று சொல்பவர்கள் குறைவு. அழுது தீர்த்தவர்களும் ஆத்திரத்தோடு எழுந்து போனவர்களுமே அதிகம்.

இரு தரப்பாரும் படத்தின் வெவ்வேறு பகுதிகளைச் சுட்டி வாதிடவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இருவரும் சுட்டுவது அதே கொலைக் காட்சியை, அதே நீதிமன்றத்தை, அதே தூக்குமேடையை. ஒருவர் ‘உணர்ச்சிக் கொள்ளை’ என்று சொல்லும் இடத்தையே மற்றவர் ‘உச்சம்’ என்கிறார். அப்படியானால் கருத்து வேறுபாட்டின் வேர் நடிப்பிலோ கதையிலோ மட்டும் இல்லை. ஓர் இசைப்படத்தில் பாடலுக்கு என்ன வேலை என்ற கேள்வியில் இருக்கிறது. பாடல் துயரத்தை மறக்க வைக்கும் மருந்தா, அல்லது துயரத்துக்குள் நின்று ஒருவர் தன் குரலை உலகுக்குக் கேட்கச் செய்யும் செயலா? படம் முதல் விடையில் தொடங்கி இரண்டாம் விடைக்கு நகர்கிறது என்பதும், அந்த நகர்வைக் காண்கிறோமா இல்லையா என்பதே தீர்ப்பைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. இதுவரையான வாசிப்புகள்

கதையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1960களின் அமெரிக்கா, வாஷிங்டன் மாநிலம். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய செல்மா ஒரு தொழிற்சாலையில் எந்திரம் இயக்குகிறாள். பரம்பரை நோயால் அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. மகன் ஜீனுக்கும் அதே நோய் வரும் என்பதால் அவனுடைய அறுவைச் சிகிச்சைக்காக ஒவ்வொரு டாலராகத் தகரப் பெட்டியில் சேர்க்கிறாள். அவளுக்கு இடம் கொடுத்திருக்கும் காவலர் பில் கடனில் மூழ்கியவர். அந்தப் பணத்தைத் திருடுகிறார். மீட்கப் போன இடத்தில் நடக்கும் இழுபறியில் துப்பாக்கி வெடிக்கிறது. காயமுற்ற பில் தன்னைக் கொன்றுவிடும்படி மன்றாட, அவள் கொல்கிறாள். பில்லின் கடனைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று கொடுத்த வாக்கை நீதிமன்றத்திலும் காக்கிறாள். மறுவிசாரணைக்கு வழி இருந்தும், அதற்கான வழக்கறிஞர் செலவு மகனின் சிகிச்சைப் பணத்தை விழுங்கிவிடும் என்பதால் மறுக்கிறாள். தூக்கிலிடப்படுகிறாள்.

இந்தப் படத்தைப் பற்றிய வாசிப்புகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, இது மிகையுணர்ச்சி நாடகம் என்ற குற்றச்சாட்டு. கண் தெரியாத தாய், நோயுள்ள மகன், துரோகம் செய்யும் நண்பர், இரக்கமற்ற நீதிமன்றம் என எல்லாமே அழவைப்பதற்காக அடுக்கப்பட்டவை என்பது அதன் சாரம். இரண்டாவது, இது இயக்குநரின் ‘தங்க இதய’ முப்படத்தொகுதியின் நிறைவு என்ற வாசிப்பு. ‘பிரேக்கிங் த வேவ்ஸ்’ (1996), ‘தி இடியட்ஸ்’ (1998) ஆகியவற்றோடு சேர்த்து, தன்னிடம் உள்ளதையெல்லாம் கொடுத்துவிடும் பெண்ணின் கதையாக இதைக் காண்பது. சிறுவயதில் வாசித்த ஒரு படப் புத்தகத்தை இயக்குநரே இதற்கு மூலமாகக் குறிப்பிட்டிருக்கிறார். இதே வாசிப்பை எதிர்முனையில் பிடித்தவர்கள், பெண்ணைத் தியாகியாக்கி வதைத்து ரசிக்கும் ஆண் கற்பனை என்று கண்டித்தார்கள். மூன்றாவது, ஹாலிவுட் இசைப்படத்தின் பொய்யைத் தோலுரிக்கும் படம் என்ற வாசிப்பு. பாடல்கள் இனிக்க, வாழ்க்கை கசக்க, அந்த முரணே விமர்சனம் ஆகிறது என்கிறது இது.

மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றிலும் பாடல் ஏதோ ஒன்றின் துணைப்பொருளாகவே நிற்கிறது: முதலாவதில் கண்ணீரைப் பெருக்கும் கருவி, இரண்டாவதில் தியாகத்துக்கு அணிகலன், மூன்றாவதில் கேலிக்கு இலக்கு. மூன்றாம் வாசிப்புக்கு வரலாற்றுத் தடையும் இருக்கிறது. இசைப்படத்துக்குள் துயரத்தைக் கொண்டுவந்ததே புதுமை என்றால் அந்தப் பெருமை வான் டிரியருக்கு உரியதல்ல. ஜாக் தெமி 1964இலேயே ‘தி அம்ப்ரெல்லாஸ் ஆஃப் ஷெர்பூர்’ படத்தில் ஒரு காதல் தோல்வியை முழுக்கப் பாட்டாகவே சொல்லிவிட்டார். அதன் நாயகி காத்ரின் தெனூவ்தான் இங்கே செல்மாவின் தோழி கேத்தியாக வருகிறார். டென்னிஸ் பாட்டரின் ‘பென்னிஸ் ஃப்ரம் ஹெவன்’ என்ற 1978ஆம் ஆண்டு பிபிசி தொடரில் பழைய இசைத்தட்டுப் பாடல்களின் கனவில் வாழும் நாயகன், செய்யாத கொலைக்காகத் தூக்குமேடை ஏறுகிறான். பாட்டும் தூக்குக் கயிறும் முன்பே சந்தித்திருக்கின்றன. எனவே ‘இனிமைக்கு எதிராகக் கொடுமை’ என்ற முரணை மட்டும் வைத்து இந்தப் படத்தின் தனித்தன்மையை விளக்க முடியாது. பாடல்கள் எப்படிப் பிறக்கின்றன, எங்கே ஒலிக்கின்றன, யார் காதில் விழுகின்றன என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

3. பாடலின் பிறப்பிடம்

படத்தில் இரண்டு காட்சிமொழிகள் இருக்கின்றன. பேச்சுக் காட்சிகள் தோளில் சுமந்த வீடியோ கேமராவில், வெளுத்த நிறத்தில், முகத்தை நெருங்கி அலைபாய்கின்றன. பாடல் தொடங்கியதும் நிறம் செழிக்கிறது, கேமரா அசைவற்று நிற்கிறது. பாடல் காட்சிகளுக்கு நூறு சிறு டிஜிட்டல் கேமராக்களை நிலையாகப் பொருத்திப் படமெடுத்தார்கள் என்பது அன்று பெரிதாகப் பேசப்பட்ட செய்தி. இந்த இருமையை ‘நனவு, கனவு’ என்று எளிதாகப் பெயரிட்டுவிடலாம். கதை நடுவே பாட்டு வருவதும், பாட்டுக்குள் நிறமும் ஊரும் மாறுவதும் தமிழ்ப் பார்வையாளருக்குக் கைவந்த வழக்கம் என்பதால் இந்த மாற்றம் நமக்கு உறுத்தாது. நம் கனவுப் பாட்டு பெரும்பாலும் கதையை ஓய்வெடுக்க விட்டுவிட்டுத் தனியே போய் வரும். செல்மாவின் பாட்டால் அப்படித் தனியே போக முடிவதில்லை. ஒவ்வொன்றும் அந்த இடத்தில் கேட்கும் ஓர் ஓசையைப் பற்றிக்கொண்டுதான் எழுகிறது.

முதல் பாட்டு தொழிற்சாலை எந்திரங்களின் தடதடப்பிலிருந்து பிறக்கிறது. இரண்டாவது, தண்டவாளத்தில் ரயில் சக்கரங்கள் எழுப்பும் தாளத்திலிருந்து. அவளுக்குக் கண் தெரியவில்லை என்பதை அவளை விரும்பும் ஜெஃப் உணரும் இடம் அது. மூன்றாவது பாட்டு பில் இறந்த பின், ஓடி முடிந்த இசைத்தட்டில் முள் திரும்பத் திரும்ப உரசும் சத்தத்திலிருந்து வருகிறது. நீதிமன்றத்தில் ஓவியர்கள் கோட்டுப்படம் வரையும் பென்சிலின் கீறல் போதுமானதாகிறது. சிறையில் அதுவும் இல்லை. எந்த ஓசையும் எட்டாத அந்த அறையில் காற்றுக்குழாயில் காதை வைத்துக் கேட்கிறாள். தூக்குமேடைக்குப் போகும் நூற்றேழு அடிகளை நடக்கக் கால் எழாதபோது, பெண் காவலர் தரையில் காலை ஊன்றித் தட்டிக் கொடுக்கும் ஓசையே பாட்டாகிறது. மேடையில் பாடும் பாட்டுக்கு எந்த வாத்தியமும் இல்லை, எந்த ஓசையின் துணையும் இல்லை. குரல் மட்டும் இருக்கிறது.

எந்திரக் கூட்டத்திலிருந்து ரயில், ரயிலிலிருந்து இசைத்தட்டு முள், முள்ளிலிருந்து பென்சில், பிறகு ஒருவரின் காலடி, கடைசியில் வெறும் குரல். ஓசையின் மூலம் படிப்படியாகக் குறுகும் இந்த வரிசை தற்செயலாக அமையக்கூடியதல்ல. 1995இல் வான் டிரியரும் தாமஸ் வின்டர்பெர்கும் வெளியிட்ட ‘டாக்மே 95’ அறிக்கையின் விதிகளில் ஒன்று, படமெடுக்கும் இடத்தில் ஒலிக்காத இசையைப் படத்தில் சேர்க்கக் கூடாது என்பது. ‘டான்சர் இன் த டார்க்’ டாக்மே படம் அல்ல. அந்த விதியை அது நூறு கேமராக்களோடும் முழு இசைக்குழுவோடும் மீறுகிறது. ஆனாலும் விதியின் நிழல் பாட்டின் பிறப்பிடத்தில் விழுந்திருக்கிறது. இடத்தின் ஓசை இருந்தால்தான் பாட்டு எழும். ஓசை குறையக் குறைய அவள் கட்டும் உலகமும் சுருங்கும்.

இன்னொரு வரிசை இதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. தொழிற்சாலை, ரயில், கொலை, நீதிமன்றம் ஆகிய நான்கு பாடல்களையும் செல்மாவைத் தவிர யாரும் கேட்பதில்லை. அவை அவள் தலைக்குள் நடக்கின்றன. இறந்த பில் எழுந்து அவளை மன்னிப்பதும், ‘என் தந்தை’ என்று அவள் பொய் சொல்லிவைத்த பழைய செக் நட்சத்திரம் ஓல்ட்ரிச் நோவி சாட்சிக் கூண்டிலிருந்து வந்து அவளோடு ஆடுவதும் அங்கே மட்டுமே சாத்தியம். சிறை அறையில் அவள் வாய்விட்டுப் பாடுகிறாள். ஆனால் கேட்க யாரும் இல்லை. தூக்குமேடையில் வாய்விட்டுப் பாடுகிறாள். காவலர்களும் சாட்சிகளும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே நிறம் செழிக்கவில்லை, கேமரா நிலைகொள்ளவில்லை, யாரும் ஆட வரவில்லை. துணை ஓசைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போக, பாட்டு கற்பனையை விட்டு உலகத்துக்குள் இறங்கிவிடுகிறது. இசைப்படங்களில் கொடியது எதுவும் நடப்பதில்லை என்று நம்பித்தான் செல்மா அவற்றை நேசித்தாள். கொடியது நடந்துகொண்டிருக்கும் இடத்திலேயே அவள் தன் சொந்தப் பாட்டை முதன்முறையாகப் பிறர் கேட்கப் பாடுகிறாள். பாடலைத் தப்பியோடும் வழி என்று மட்டும் வாசிப்பவர்கள் இந்தக் கடைசி மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

4. அழுகையும் பெருமிதமும்

பார்வையாளர் ஏன் பிரிகிறார்கள் என்பதை விளக்கத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் ஒரு நல்ல கருவியைத் தருகிறது. அங்கே எண்வகை மெய்ப்பாடுகளில் ஒன்றான அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் சொல்லப்படுகின்றன. இழிவுபடுவதும், இழப்பதும், பண்டை நிலை கெட்டுத் தளர்வதும், இல்லாமையும் அழுகைக்குக் காரணங்கள். செல்மாவின் கதையில் நான்கும் குறைவற இருக்கின்றன. நீதிமன்றத்தில் கம்யூனிஸ்ட் நாட்டிலிருந்து வந்த நன்றி கெட்டவள் என்று சித்திரிக்கப்படுவது இளிவு. பணமும் வேலையும் போவது இழவு. பார்வை தேய்வது அசைவு. வறுமையைச் சொல்ல வேண்டியதில்லை. மிகையுணர்ச்சி என்று குற்றம் சாட்டுபவர்கள் தவறாகப் பார்க்கவில்லை. இந்த நான்கையும் ஒரே பெண்ணின் மேல் ஏற்றியிருப்பதைச் சரியாகவே கண்டிருக்கிறார்கள்.

ஆனால் அதே இயலில் பெருமிதம் என்ற மெய்ப்பாடும் உண்டு. அதற்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவை நிலைக்களன்கள். அஞ்சாமையும் கொடுத்தலும் பெருமிதத்தைத் தோற்றுவிக்கும். செல்மாவின் முக்கியமான முடிவுகள் எல்லாம் இந்த இரண்டில் அடங்கும். கண்பரிசோதனை அட்டையின் எழுத்துகளை மனப்பாடம் செய்து வேலையில் நீடிப்பது, கொடுத்த வாக்கை உயிர் போகும் நிலையிலும் காப்பது, மறுவிசாரணை வேண்டாம் என்று மறுப்பது ஆகிய ஒவ்வொன்றும் அவள் தேர்ந்தெடுத்தது. சூழ்நிலை அவளைத் தள்ளுகிறது என்பது உண்மை. எந்தப் பக்கம் விழுவது என்பதை அவள் தீர்மானிக்கிறாள் என்பதும் உண்மை. மகனின் கண்ணா தன் உயிரா என்ற கேள்வி வரும்போது அவளுக்குத் தயக்கம் இல்லை.

பார்வையாளரின் பிளவை இந்த இரண்டு மெய்ப்பாடுகளின் பிளவாகப் பார்க்கலாம். படத்தை வெறுத்தவர்களுக்கு அழுகை மட்டும் கிடைத்தது. தங்கள் அனுமதியின்றிக் கண்ணீர் வாங்கப்பட்டதாகவும் உணர்ந்தார்கள். நேசித்தவர்களுக்கு அழுகையின் ஊடே பெருமிதமும் கிடைத்தது. இந்த வேறுபாட்டை உண்டாக்குவதில் பாடல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பேச்சுக் காட்சிகளில் செல்மா தயங்கித் திக்குபவள், பிறர் சொல்லுக்குத் தலையாட்டுபவள். பாடலில் தாளமும் அடியெடுப்பும் அவள் வசம். இந்தப் பாடல்களைக் கதைக்குத் தடை என்று கடந்து போனவருக்கு எஞ்சுவது திக்கும் செல்மா மட்டுமே. அவளைக் கண்டு இரங்கத்தான் முடியும். பாடல்களை அவளுடைய செயல்களாகக் கேட்டவருக்குத் தூக்குமேடையில் நிற்பவள் வேறொருத்தி.

5. மறுப்புகள்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, படம் காட்டும் அமெரிக்கா பொய்யானது என்பது. வான் டிரியர் விமானப் பயணத்துக்கு அஞ்சுபவர். அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. படத்தின் பெரும்பகுதி சுவீடனில் எடுக்கப்பட்டது. பார்க்காத நாட்டின் நீதியமைப்பைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த அவருக்கு என்ன உரிமை என்று பல அமெரிக்கர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. விசாரணைக் காட்சிகள் ஒரு வழக்கறிஞரின் கண்ணுக்கு நொண்டவே செய்யும். ஆயினும் தூக்குத் தண்டனையை இட்டுக்கட்டு என்று தள்ள முடியாது. வாஷிங்டன் மாநிலத்தில் 1993இலும் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். மரண தண்டனையை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2018இல்தான் செல்லாததாக்கியது. மேலும், இந்த அமெரிக்கா செல்மா செக்கோஸ்லோவாக்கியாவின் திரையரங்குகளில் பார்த்து வளர்ந்த அமெரிக்காவின் மறுபக்கம். ஹாலிவுட் இசைப்படம் உலகெங்கும் ஏற்றுமதி செய்த நாட்டை நம்பி வந்தவள் அதற்குள் சிக்கிக்கொள்கிறாள். பார்க்காத நாட்டைப் படங்களின் வழியே மட்டும் அறிந்தவர்கள் என்ற வகையில் இயக்குநரும் நாயகியும் ஒரே நிலையில் நிற்கிறார்கள். இந்த ஒற்றுமை படத்தின் நீதிமன்றத்தை நம்பகமாக்கிவிடாது. அது எந்த அமெரிக்கா என்பதை மட்டும் தெளிவாக்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. செல்மாவின் தேர்வுகள் தேர்வுகளே அல்ல, கதாசிரியர் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டுத் திறந்து வைத்த ஒரே கதவு என்பது. அவள் பில்லின் கடனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்துவிடும். அவள் சொல்லாமல் இருப்பது பாத்திரத்தின் தேவையைவிடக் கதையின் தேவை என்று தோன்றுகிறது. இதை முழுமையாக மறுக்க இயலாது. பில்லின் மனைவி, வழக்கறிஞர் போன்றோர் கதையை நகர்த்தும் காய்களாகவே வருகிறார்கள். ஆனால் மிகையுணர்ச்சி நாடகம் என்ற வடிவமே கதவுகளை அடைத்துத்தான் இயங்குகிறது. அடைத்த கதவுகளுக்கு விலையாக என்ன பெறுகிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும். இங்கே பெறப்படுவது மேலே கண்ட இரட்டை வரிசை: உதவி ஒவ்வொன்றாக விலக விலகக் குரல் வெளிவருவது. ஒரு கதவு திறந்திருந்தாலும் அந்தக் குரல் துணையின்றி நிற்கும் கட்டம் வராது. கதைப்பின்னலின் வலிந்த தன்மையை ஏற்றுக்கொண்டே அந்தக் கட்டத்தின் மதிப்பையும் ஏற்க முடியும்.

மூன்றாவது மறுப்பு திரைக்கு வெளியிலிருந்து வருகிறது. படப்பிடிப்பில் இயக்குநருக்கும் பியார்க்குக்கும் இருந்த மோதல் அன்றே வெளியில் தெரிந்தது. 2017 அக்டோபரில் பியார்க், டென்மார்க் இயக்குநர் ஒருவர் தன்னைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாகப் பெயர் குறிப்பிடாமல் எழுதினார். வான் டிரியர் அதை மறுத்தார். இதற்குப் பிறகு, செல்மாவின் வேதனையை ஒரு பாத்திரத்தின் வேதனையாக மட்டும் பார்ப்பது பலருக்கு முடியாமல் போனது. அந்தத் தயக்கத்தைக் கலைரசனையின் பெயரால் புறந்தள்ளக் கூடாது. அதே சமயம் ஒன்றை மறந்துவிடக் கூடாது. படத்தின் பாடல்களுக்கு இசையமைத்தவர் பியார்க். எந்திரத்தையும் ரயிலையும் பென்சிலையும் இசையாக்கிய செவி அவருடையது. ஓசையின் வரிசை பற்றிய இக்கட்டுரையின் சான்றுகள் இயக்குநரின் கெட்டிக்காரத்தனத்துக்கு மட்டும் சான்றுகள் அல்ல. பெண்ணைப் பலிகொடுக்கும் கதை ஒருவருடையது என்றால், அந்தக் கதைக்குள் அவளுக்குக் குரல் கொடுத்த இசை இன்னொருவருடையது. ஒரே படத்தில் இரண்டு கைகள் எதிரெதிரே இழுப்பதைப் பார்வையாளர் உணர்வதும், எந்தக் கையை அதிகம் உணர்கிறாரோ அதன்படி தீர்ப்புச் சொல்வதும் இயல்பே.

6. திரை மூடிய பின்

செல்மா படத்தில் ஓரிடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்கிறாள். சிறுவயதில் இசைப்படம் பார்க்கும்போது, கடைசிப் பாட்டு வரப்போகிறது என்று தெரிந்துவிடுமாம். இசை பெருத்துவிடும், கேமரா மேலே கூரை வழியாக ஏறிவிடும். அது அவளுக்குப் பிடிக்காது. ஆகவே கடைசிக்கு முந்தைய பாட்டு முடிந்ததும் எழுந்து வெளியே போய்விடுவாள். அப்போது படம் முடியாமல் தொடர்ந்துகொண்டே இருக்கும். தூக்குமேடைப் பாட்டுக்கு வைத்த பெயரே ‘கடைசிக்கு முந்தைய பாடல்’. மகனின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்ற செய்தியோடு கேத்தி அவனுடைய மூக்குக்கண்ணாடியை அவள் கையில் வைத்த பிறகு அவள் பாடும் அந்தப் பாட்டு நடுவே அறுபடுகிறது. இது கடைசிப் பாட்டு அல்ல என்று அவள் தரப்பில் சொல்லிவிட்டுத்தான் அறுபடுகிறது. பெருத்த இசை எதுவும் வருவதில்லை. அதன் பின் காவலர் திரையை இழுத்து மூடுகிறார். கேமரா மெல்ல மேலே ஏறுகிறது.

அவள் வெறுத்த அதே அசைவு. இசை பெருக்காமல் படம் அவள் சொன்ன பாதியைக் காக்கிறது. கேமராவைக் கூரைக்கு ஏற்றி மறுபாதியை மீறுகிறது. பாடல் அவளுடைய விருப்பத்தின்படி முடியாமல் நிற்க, படம் வழக்கப்படி முடிந்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் அரங்கில் எழுந்த கைதட்டலும் கூச்சலும் அந்த ஒரே கணத்தின் இரு பாதிகளுக்கு எழுந்தவை என்று கொள்ளலாம். அறுபட்ட குரலைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். மேலே ஏறிய கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். இருவர் பார்த்ததும் படத்தில் இருப்பதுதான். அதனால்தான் ஒரு தரப்பு மறுதரப்பை வெல்லாமல் இந்த வழக்கு நீடிக்கிறது.